எந்த ரப்பருக்கு எந்தக் கிரீஸ்?

தண்ணீர் ஃபில்டரைச் சுத்தம் செய்ய வருபவர் அடிக்கிண்ணத்தைத் திருகிக் கழற்றுகிறார். உள்ளே ஒரு கறுப்பு ரப்பர் வளையம். அதைத் துடைத்துவிட்டு, "வேசலின் இருந்தா குடுங்க" என்கிறார். ஒரு விரல் வேசலினைத் தடவியதும் கிண்ணம் சிரமமில்லாமல் ஏறி இறுகுகிறது. சொட்டுத் தண்ணீர் கசியவில்லை. சில மாதம் கழித்து மறுபடி திறந்தால் அந்த வளையம் தன் காடியில் அடங்க மறுக்கிறது. ஒரு பக்கம் அழுத்தினால் மறுபக்கம் துருத்திக்கொண்டு வருகிறது. "ரப்பர் பழசாயிடுச்சு, மாத்தணும்" என்று பழி வயதின் மேல் விழுகிறது. உண்மையில் அந்த ரப்பர் வேசலினைக் குடித்து வீங்கியிருக்கிறது.

எல்லா வளையமும் இப்படி வீங்குவதில்லை என்பதுதான் குழப்பத்தின் தொடக்கம். அதே ஃபில்டரில் அதே அளவில் இன்னொரு கறுப்பு வளையம் இருந்திருந்தால், அதே வேசலினை ஆண்டுக்கணக்கில் தாங்கியிருக்கும். கண்ணுக்கு இரண்டும் ஒன்று. வேதியியலுக்கு இரண்டும் வேறு வேறு. ஆகவே கடையில் போய் "நல்ல கிரீஸா ஒண்ணு குடுங்க" என்று கேட்பது பாதிக் கேள்விதான். எந்த ரப்பருக்கு என்பது மற்றப் பாதி. அந்தப் பாதி தெரியாமல் எந்த விலையில் எந்த டப்பாவை வாங்கினாலும் அது குருட்டாம்போக்குதான்.

ஓ-ரிங் எனப்படும் இந்த வளையம் எப்படிக் கசிவைத் தடுக்கிறது என்பதை முதலில் பார்த்துவிடுவோம். இன்று நாம் அறியும் வடிவில் அதற்கு அமெரிக்கக் காப்புரிமை பெற்றவர் நீல்ஸ் கிறிஸ்டென்சன். டென்மார்க்கில் பிறந்து அமெரிக்காவில் குடியேறியவர், டிராம் வண்டிகளின் காற்று பிரேக்கில் பெயர் வாங்கியவர். பிஸ்டனைச் சுற்றிக் கசிவு வராமல் செய்வது எப்படி என்ற கேள்விக்கு 1930களில் அவர் கண்ட விடை வியப்பூட்டும் அளவுக்கு எளிமையானது. வட்ட வெட்டுமுகம் கொண்ட ஒரு ரப்பர் வளையம். அது உட்கார, அதன் தடிமனைவிடச் சற்று அகலமான ஒரு காடி. 1939இல் காப்புரிமை கிடைத்தது. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்க விமானங்களின் ஹைட்ராலிக் பாகங்களில் அது நிரந்தர இடம் பிடித்தது.

ரப்பர் வளைந்துகொடுக்கும், ஆனால் அதன் கன அளவைக் குறைக்க முடியாது. ஒரு பக்கம் அமுக்கினால் இன்னொரு பக்கம் பிதுங்கும். காடிக்குள் வைத்து மூடும்போதே வளையம் தன் தடிமனில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு நசுங்கும்படி அளவெடுத்துச் செய்கிறார்கள். பிறகு தண்ணீரோ எண்ணெயோ அழுத்தத்துடன் வரும்போது, வளையத்தைக் காடியின் மறுசுவருக்குத் தள்ளி இன்னும் இறுக்கமாக அப்பவைக்கிறது. கசியப் பார்க்கும் அழுத்தமே கசியும் வழியை அடைக்கிறது. இந்த ஏற்பாடு வேலைசெய்ய இரண்டு நிபந்தனைகள். வளையம் சரியான அளவில் இருக்க வேண்டும். நெகிழ்ச்சியோடும் இருக்க வேண்டும். தவறான மசகு இந்த இரண்டையும் கெடுக்கிறது.

அப்படியானால் மசகு எதற்கு, வெறுமனே மாட்டிவிடலாமே என்று தோன்றலாம். உலர்ந்த ரப்பர் உலோகத்தையும் பிளாஸ்டிக்கையும் பற்றிக்கொள்ளும். மூடியைத் திருகும்போது வளையத்தின் ஒரு பகுதி ஒட்டிக்கொண்டு நிற்க, மறுபகுதி நகரும். வளையம் முறுக்கேறும், அல்லது கூர்மையான மரைவிளிம்பில் கீறல் விழும். புது ஓ-ரிங் போட்ட அன்றே கசிந்தால் பெரும்பாலும் இதுதான் காரணம். முன்பின் நகரும் பிஸ்டன்களில் இன்னொரு தொல்லையும் உண்டு. மசகு ஓரிடத்தில் இருந்து இன்னோரிடத்தில் இல்லாமல் போனால், வளையத்தின் ஒரு பகுதி வழுக்கும், மறுபகுதி உருளும். அப்படி முறுக்கிக்கொண்டே போன வளையத்தைக் கழற்றிப் பார்த்தால் அதன் மேல் சாய்வாகச் சுருள் சுருளாக வெட்டுகள் தெரியும். அந்த வெட்டைப் பார்த்தவுடனே அனுபவமுள்ள ஃபிட்டர் காரணத்தைச் சொல்லிவிடுவார்.

இனி வேதியியல். ரப்பர் என்பது மிக நீளமான மூலக்கூறுச் சங்கிலிகளின் குவியல். இடியாப்பத்தின் இழைகளை அங்கங்கே ஒன்றோடொன்று முடிச்சுப் போட்டுவிட்டதாக நினைத்துக்கொள்ளுங்கள். அந்த முடிச்சுகளைப் போடும் வழியை, கந்தகமும் வெப்பமும் கொண்டு, 1839இல் கண்டறிந்தவர் சார்லஸ் குட்இயர். முடிச்சு இல்லாத கச்சா ரப்பரைப் பெட்ரோலில் போட்டால் மெல்ல மெல்லக் கரைந்து பசையாகிவிடும். முடிச்சுப் போட்ட ரப்பர் கரைய முடியாது. ஆனால் திரவம் இழைகளுக்கு நடுவே நுழைந்து அவற்றை விலக்கிக்கொண்டே போகும். முடிச்சுகள் இழுத்துப் பிடிக்க, திரவம் தள்ள, இரண்டும் சமமாகும் இடத்தில் வீக்கம் நிற்கும். ஓ-ரிங் வீங்குவது என்பது பாதியில் நிறுத்தப்பட்ட கரைதல்.

எந்தத் திரவம் எந்த ரப்பருக்குள் நுழையும்? இனம் இனத்தோடு சேரும் என்ற பழைய விதிதான். மின்னூட்டம் சமமாகப் பரவிய ஹைட்ரோகார்பன் மூலக்கூறுகள் ஹைட்ரோகார்பன்களோடு கலக்கும். மின்னூட்டம் ஒருபக்கம் சாய்ந்த, அதாவது முனைவுத்தன்மை கொண்ட மூலக்கூறுகள் தம்மைப் போன்றவற்றோடு கலக்கும். அமெரிக்க வேதியியலாளர் ஜோயல் ஹில்டெப்ராண்ட் இந்த ஒட்டுறவை ஓர் எண்ணாகவே மாற்றித் தந்தார். அந்த அளவுகோலில் இயற்கை ரப்பரும் ஈபிடிஎம் என்னும் செயற்கை ரப்பரும் 16, 17ஐ ஒட்டி வருகின்றன. கனிம எண்ணெயும் ஏறக்குறைய அதே இடத்தில்தான் இருக்கிறது. நைட்ரைல் ரப்பர் 19, 20 பக்கம் தள்ளி நிற்கிறது. எண்கள் நெருங்க நெருங்க வீக்கம் கூடும். மசகு தேர்ந்தெடுப்பவருக்கு வேண்டியது இதற்கு நேர்மாறு. ரப்பரோடு உறவு கொண்டாடாத திரவமே அதற்கு நல்ல மசகு.

வேசலின் பெட்ரோலியத்திலிருந்து வந்த ஹைட்ரோகார்பன் கலவை. சாதாரண பால்பேரிங் கிரீஸ், எஞ்சின் ஆயில், மிஷின் ஆயில் எல்லாமே அதே வம்சம். ஈபிடிஎம் வளையம் எத்திலீன், புரோப்பிலீன் இரண்டையும் முதன்மையாகக் கொண்டு செய்யப்பட்ட சுத்த ஹைட்ரோகார்பன். தண்ணீர், நீராவி, வெயில், ஓசோன் எதற்கும் அசைந்துகொடுக்காது. அதனால்தான் தண்ணீர்க் குழாய்களிலும் ஃபில்டர்களிலும் அதைத் தேடிப் போடுகிறார்கள். ஆனால் பெட்ரோலிய எண்ணெய் பட்டால் மட்டும் ஊதிப்போகும். நைட்ரைல் ரப்பரின் சங்கிலியில் அக்ரைலோநைட்ரைல் என்னும் முனைவுத்தன்மையுள்ள பகுதி இடையிடையே கோத்திருக்கிறது. எண்ணெய்க்கு அங்கே இடமில்லை. 1930களில் ஜெர்மனியில் உருவான இந்த ரப்பர்தான் இன்று எஞ்சின், பம்பு, கம்ப்ரசர் என்று எண்ணெய் புழங்கும் எல்லா இடத்திலும் இருக்கிறது. அக்ரைலோநைட்ரைல் பங்கு கூடக்கூட எண்ணெயைத் தாங்கும் திறன் கூடும். குளிரில் நெகிழும் திறன் குறையும். ஒன்றைக் கொடுத்துத்தான் இன்னொன்றை வாங்க முடியும்.

நைட்ரைலும் எல்லாவற்றையும் தாங்கிவிடாது. பென்சீன் வளையம் கொண்ட அரோமேட்டிக் வகைத் திரவங்கள் அதற்குள்ளும் புகும். அப்படிப்பட்ட திரவங்கள் கலந்த பெயிண்ட் தின்னரில் நனைத்த துணியால் நைட்ரைல் வளையத்தைத் துடைப்பதை நான் பல பட்டறைகளில் பார்க்கிறேன். அது அழுக்கை மட்டும் எடுப்பதில்லை.

மருத்துவமனைக் கையுறைக்கும் ஆணுறைக்கும் இதே விதிதான். ஆணுறைகளில் பெரும்பாலானவையும் கையுறைகளில் பலவும் இயற்கை ரப்பர் பாலில் செய்தவை. தேங்காய் எண்ணெய், வேசலின், பேபி ஆயில் எதுவும் லேடெக்ஸ் ஆணுறையோடு சேரக் கூடாது. கனிம எண்ணெய் சில நிமிடங்களிலேயே அந்த மெல்லிய படலத்தின் வலிமையைக் கடுமையாகக் குறைத்துவிடும். தண்ணீர் அடிப்படையிலான அல்லது சிலிக்கோன் வழுவழுப்பிகளையே பயன்படுத்தச் சொல்வது இதனால்தான். இதைக் கூச்சமில்லாமல் சொல்லித்தர வேண்டும். ஓ-ரிங் வீங்கினால் தண்ணீர் கசியும். இங்கே விளைவு ஒரு மனிதரின் வாழ்க்கையைத் தொடும்.

இந்தக் கதையில் எனக்கு மிகப் பிடித்த அத்தியாயம் விளக்கெண்ணெயுடையது. 1920களில் கார்களுக்கு ஹைட்ராலிக் பிரேக் வந்தபோது செயற்கை ரப்பர் இன்னும் புழக்கத்துக்கு வரவில்லை. சிலிண்டருக்குள் இருந்த கிண்ணங்கள் இயற்கை ரப்பர். கனிம எண்ணெய் ஊற்றினால் அவை ஊதிப்போகும். தண்ணீர் ஊற்றினால் குளிரில் உறையும், துரு ஏறும். கடைசியில் பொருந்தியது விளக்கெண்ணெயும் ஆல்கஹாலும் கலந்த திரவம். விளக்கெண்ணெயின் பெரும்பகுதி ரிசினோலிக் அமிலம். புழக்கத்திலுள்ள மற்றத் தாவர எண்ணெய்களில் இல்லாத ஒரு ஹைட்ராக்சில் தொகுதி அதன் ஒவ்வொரு சங்கிலியிலும் தொங்குகிறது. அந்த ஒரு தொகுதி எண்ணெயின் குணத்தையே திருப்பிவிடுகிறது. ஆல்கஹாலில் கலக்கும், பெட்ரோலியத்தோடு எளிதில் ஒட்டாது. எனவே இயற்கை ரப்பரும் அதை உள்ளே விடுவதில்லை. வைக்கோல் கரியோடு விளக்கெண்ணெயைக் குழைத்து மாட்டுவண்டி அச்சுக்கு மை போட்ட நம் ஊர் வண்டிக்காரர்களுக்கு அதன் வழுவழுப்பு தெரியும். ரப்பரோடு அது வைத்திருக்கும் மரியாதையான தூரம் மோட்டார் யுகத்தில்தான் தெரியவந்தது. இன்றும் பிரேக் பாகங்களைப் பூட்டும்போது தடவும் சிவப்பு ரப்பர் கிரீஸ் தாவர எண்ணெய் அடிப்படையிலானது.

இப்போதைய பிரேக் திரவம் கிளைக்கால் வகையைச் சேர்ந்தது. அதோடு பொருந்துவது ஈபிடிஎம். பிரேக் ஆயில் என்று நாம் பேச்சில் சொன்னாலும் அதில் பெட்ரோலிய எண்ணெய் இல்லை. பிரேக் திரவம் ஊற்றும் கிண்ணத்தில் தவறுதலாக எஞ்சின் ஆயில் ஊற்றினால் மாஸ்டர் சிலிண்டர் ரப்பர்கள் வீங்கி, திரவம் திரும்பிவரும் சிறு துளையை அடைத்துக்கொள்ளும். மிதித்த பிரேக் விடுபடாமல் சக்கரம் பிடித்துக்கொண்டே ஓடும். அதன் பிறகு கழுவிப் பயனில்லை. ரப்பர் பாகங்கள் அத்தனையையும் மாற்ற வேண்டும்.

பிரான்ஸின் சிட்ரோயன் நிறுவனம் இந்த உண்மையை வண்ணத்தால் எழுதியது. 1955இல் வந்த அதன் டிஎஸ் கார், பிரேக், ஸ்டியரிங், சஸ்பென்ஷன் அனைத்தையும் ஒரே உயரழுத்தத் திரவத்தால் இயக்கியது. அந்தத் திரவம் ஈரத்தை உறிஞ்சி உள்ளே துருவை உண்டாக்கியது. 1960களின் பிற்பகுதியில் பச்சை நிறக் கனிம எண்ணெய்க்கு மாறினார்கள். எண்ணெய் மாறியதும் ஒவ்வொரு ரப்பர் வளையமும் மாறியாக வேண்டும். வெளித்தோற்றத்தில் ஒன்றுபோல இருக்கும் பாகங்களை மெக்கானிக் கலந்துவிடக் கூடாதே என்று, புதிய எண்ணெய்க்கான பாகங்களுக்குப் பச்சை வண்ணம் பூசினார்கள். பழையவை கறுப்பு. ரப்பரும் திரவமும் ஒரு ஜோடி என்பதை இதைவிடத் தெளிவாகச் சொன்ன பொறியாளர்கள் குறைவு.

சரி, வீட்டுக்கும் சிறு பட்டறைக்கும் எது? பெரும்பாலான இடங்களில் சிலிக்கோன் கிரீஸ். சிலிக்கான், ஆக்சிஜன் அணுக்கள் மாறிமாறி அமைந்த நீண்ட சங்கிலித் திரவத்தில் நுண்ணிய சிலிக்காத் தூளைக் குழைத்துக் கெட்டியாக்கியது அது. தண்ணீரில் கழுவிப்போகாது, சூட்டில் உருகி ஓடாது. ஈபிடிஎம், நைட்ரைல், விட்டான் என்னும் ஃபுளோரோகார்பன் ரப்பர் மூன்றோடும் ஒத்துப்போகும். ஹில்டெப்ராண்ட் எண்ணைப் பார்த்தால் சிலிக்கோன் சுமார் 15. ஈபிடிஎம்முக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. பின் ஏன் வீங்கவில்லை? இங்கேதான் மூலக்கூறின் பருமன் வேலைசெய்கிறது. கிரீஸிலுள்ள சிலிக்கோன் சங்கிலிகள் மிக நீளமானவை. குணமும் சற்று வேறு. ரப்பரின் இழைகளுக்கு நடுவே புகுந்து பரவ அவற்றால் எளிதில் முடிவதில்லை. எண் ஒன்றை மட்டும் வைத்து முடிவுகட்டக் கூடாது என்பதற்கு இது நல்ல சான்று.

சிலிக்கோன் கிரீஸ் ஆகாத இடம், சிலிக்கோன் ரப்பர். இனத்தோடு இனம் என்ற விதி இங்கே முழு வலுவோடு திரும்பிவருகிறது. வெள்ளையாகவோ சிவப்பாகவோ மெத்தென்றிருக்கும் சிலிக்கோன் வளையத்தில் அதைத் தடவினால் வளையம் உப்பி மென்மையாகும். நீருக்கடியில் படமெடுக்கும் கேமராப் பெட்டிகளில் சில நிறுவனங்கள் சிலிக்கோன் வளையத்தைத் தந்து, அதற்கென்று தனி மசகையும் தருவது இதனால்தான். அவர்கள் தருவதை விட்டு வேறு எதையும் தடவக் கூடாது. வண்டிக்கு வண்ணம் அடிக்கும் கூடங்களிலும் சிலிக்கோனை அண்டவிடுவதில்லை. துளி இருந்தாலும் அது பரவி, பெயிண்ட் ஒட்டாமல் வட்டவட்டமாகக் குழி விழும். குடிநீர் ஓடும் இடத்தில் உணவுத் தரம் என்று குறிப்பிட்ட டப்பாவைத்தான் வாங்க வேண்டும். சமையலறை எண்ணெய் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தாலும் அது மசகு ஆகாது. தாவர எண்ணெய் காற்றுபட்டுக் காறும், பிசினாகும்.

ஆக்சிஜன் சிலிண்டருக்கு இவை எதுவும் உதவாது. அங்கே கேள்வி வீக்கம் பற்றியது மட்டுமல்ல, தீ பற்றியது. 150 பார் அளவுக்கு அடைத்த ஆக்சிஜனைச் சட்டென்று திறக்கும்போது, முன்னே அடைபட்ட வாயு அமுங்கிப் பல நூறு டிகிரிக்குச் சூடேறும். சுத்த ஆக்சிஜன், அந்தச் சூடு, ஒரு துளி எண்ணெய்: மூன்றும் சேர்ந்தால் ரெகுலேட்டர் தீப்பிடித்து வெடிக்கும். வெல்டிங் பட்டறையின் ஆக்சிஜன் மீட்டரில் எண்ணெய் படக் கூடாது என்று அச்சிட்டிருப்பது சம்பிரதாயத்துக்காக அல்ல. அங்கே பயன்படுவது பெர்ஃபுளோரோபாலிஈதர் என்னும் வகை. கிரைடாக்ஸ் என்ற பெயரில் பலர் அறிந்தது. அதன் சங்கிலியில் ஹைட்ரஜன் இருக்க வேண்டிய இடமெல்லாம் ஃபுளோரின் உட்கார்ந்திருக்கிறது. எரிய அதில் ஒன்றுமில்லை. எந்தச் சாதாரண ரப்பருக்குள்ளும் நுழையாது. சிலிக்கோன் ரப்பருக்கும் பொருந்தும். விலைதான் மலைக்க வைக்கும். அதனால் தேவையுள்ள இடத்தில் மட்டும் அது.

மசகால் சரிசெய்ய முடியாத குறையும் உண்டு. 1986 ஜனவரி 28 அன்று சேலஞ்சர் விண்கலம் புறப்பட்ட 73ஆவது நொடியில் சிதறி ஏழு பேர் இறந்தார்கள். அதன் பூஸ்டர் ராக்கெட் மூட்டுகளில் இருந்த ஓ-ரிங்குகள் விட்டான் ரப்பர்; சுமார் 7 மி.மீ. தடிமன், 3.7 மீட்டர் விட்டம். விட்டான் எண்ணெயையும் 200 டிகிரிச் சூட்டையும் தாங்கும். குளிர் அதன் பலவீனம். அன்று காலை வெப்பநிலை உறைநிலையை ஒட்டி இருந்தது. நசுங்கிய வளையம் தன் வடிவத்துக்குத் திரும்ப எடுத்துக்கொள்ளும் நேரம் நீண்டது. அதற்குள் சூடான வாயு புகுந்துவிட்டது. விசாரணையின்போது இயற்பியலாளர் ரிச்சர்ட் ஃபெயின்மன், அந்த ரப்பர்த் துண்டைக் கவ்வியில் இறுக்கிப் பனிநீரில் முக்கி எடுத்து, அது உடனே விரியவில்லை என்று எல்லார் முன்னும் காட்டினார். அந்த மூட்டில் கிரீஸ் இருந்தது. கிரீஸ் கசிவை அடைப்பதில்லை. அடைப்பது ரப்பரின் திருப்பித் தள்ளும் விசை.

கையிலுள்ள கறுப்பு வளையம் எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? நிறத்தை நம்ப முடியாது. கறுப்பில் எல்லா ரப்பரும் வரும். எடை கொஞ்சம் சொல்லும். விட்டான் அடர்த்தி தண்ணீரைப் போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு. கையில் கனமாகத் தெரியும். ஈபிடிஎம்மையும் நைட்ரைலையும் பிரிக்க ஊறவைத்துப் பார்ப்பதுதான் வழி. ஆய்வுக்கூடங்கள் ஏஎஸ்டிஎம் டி471 என்ற முறைப்படி செய்வதன் எளிய வடிவம் இது. பழைய வளையம் ஒன்றின் தடிமனை வெர்னியரால் அளந்து, எஞ்சின் ஆயிலில் மூழ்கவிட்டு, சில நாள் கழித்துத் துடைத்து மறுபடி அளக்க வேண்டும். நைட்ரைல் ஏறக்குறைய அப்படியே இருக்கும். ஈபிடிஎம் தெளிவாகப் பருத்திருக்கும். ஒன்றைக் கவனத்தில் வைக்க வேண்டும். தடிமன் 10 சதவீதம் கூடினால் கன அளவு 33 சதவீதம் கூடியிருக்கிறது என்று பொருள், ஏனென்றால் மூன்று திசையிலும் வளர்கிறது. அசையாத மூடியில் ஓரளவு வீக்கம் கேடு செய்யாது. நகரும் பிஸ்டனில் கன அளவு 15, 20 சதவீதத்தைத் தாண்டினால் இறுக்கமும் தேய்மானமும் கூடிவிடும். சுருங்குவதோ இன்னும் மோசம். 3, 4 சதவீதம் சுருங்கினாலே கசியத் தொடங்கலாம். இதே சோதனையை, வாங்கப்போகும் கிரீஸை வைத்தும் செய்துபார்க்கலாம்.

தடவும் அளவு மிகக் குறைவு. வளையம் பளபளக்க வேண்டும். கட்டி தெரியக் கூடாது. அதிகம் அப்பினால் மணலும் முடியும் ஒட்டிக்கொள்ளும், அந்த ஒரு முடியே கசிவுக்கு வழிவிடும். விரல்களுக்கு நடுவே வளையத்தை மெதுவாக இழுத்தால் படலம் சீராகப் பரவும். கீறல் இருந்தால் விரலுக்கும் தட்டுப்படும். காடியிலிருந்து வளையத்தை எடுக்க ஸ்க்ரூடிரைவர் வேண்டாம். ஒரு பக்கம் கட்டைவிரலால் தள்ளினால் மறுபக்கம் வளைந்து எழும்பும்.

ஏற்கெனவே வீங்கிய வளையத்தைக் காயவைத்து மீண்டும் போடலாமா என்று பலர் கேட்கிறார்கள். வேண்டாம். எண்ணெய் உள்ளே போனபோது, ரப்பரை மென்மையாக வைத்திருக்கச் சேர்த்திருந்த பொருள்கள் கொஞ்சம் வெளியே வந்திருக்கும். காய்ந்ததும் வளையம் பழைய அளவைவிடச் சிறுத்து, விறைத்துப்போகும். புதியதைப் போடுமுன் காடியில் ஒட்டியிருக்கும் பழைய வேசலினைச் சோப்புத் தண்ணீரால் முழுக்கக் கழுவித் துடைத்துவிட வேண்டும். மிச்சம் இருந்தால் புது வளையமும் அதைத்தான் குடிக்கும்.